சமரசப் பேச்சுக்கு மூன்று வாரம் இருக்கிறது: எதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும்?

அகல்விளக்கு (இழையைத் தொடங்கியவர்)

எனக்கும் என் அக்காவுக்கும் இடையே உள்ள தகராறு இன்னும் மூன்று வாரத்தில் சமரசப் பேச்சுக்கு வருகிறது. இப்படி ஒரு மேசையில் உட்காருவது எனக்கு இதுவே முதல்முறை என்பதால், அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

எங்கள் தாயார் கடைசி ஆறு ஆண்டுகள் படுத்த படுக்கையாக இருந்தார். நான் அவருடைய வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டேன். அக்கா வெகுதூரத்தில் வேலையில் இருந்ததால் ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து போனார். முதல் இரண்டு ஆண்டுகள் மாதாமாதம் பணம் அனுப்பினார், பிறகு அது நின்றுவிட்டது. அம்மா உயில் எழுதவில்லை. அவர் மறைந்த சில மாதங்களில், வீட்டை விற்றுச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னார். என் கைக்காசில் செய்த செலவையும் நான் விட்ட வேலையையும் கணக்கில் சேர்க்காமல் சரிபாதி என்பது எப்படி நியாயமாகும் என்று நான் கேட்டேன். பேச்சு முற்றி, "அம்மாவைச் சாக்காக வைத்து வீட்டைப் பிடித்துக்கொண்டாய்" என்று அவர் சொல்லிவிட்டார். இரண்டு ஆண்டுகளாக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

என்னிடம் மூன்று விரற்கடை தடிமனில் ரசீதுக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதோடு ஒரு குறிப்பேடும் உண்டு. படுக்கைப்புண் வராமல் இருக்க அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டியிருந்தது, "இரவு 2 மணி, இடப்பக்கம். 4 மணி, வலப்பக்கம். கஞ்சி அரைக் கிண்ணம்" என்று அதில் வரிவரியாக எழுதி வைத்திருக்கிறேன். இவற்றையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, சமரசர் முன் வைத்து, யார் பக்கம் நியாயம் என்பதை அவருக்குப் புரியவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தத் தயாரிப்பு சரியா, இதில் வேறு என்ன சேர்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நெடும்பாதை

பதினைந்து ஆண்டுகளாகக் குடும்பத் தகராறுகளில் சமரசராக இருந்து வருகிறேன். உங்கள் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சமரசர் நீதிபதி அல்லர், நடுவரும் அல்லர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, அதைச் சொல்ல அவர் முயலவும் மாட்டார். நீங்கள் அவரை முழுவதுமாக உங்கள் பக்கம் இழுத்துவிட்டாலும் ஒரு செங்கல்கூட நகராது. அந்த அறையில் உங்களுக்கு ஏதாவது தரக்கூடியவர் ஒருவர்தான், அவர் உங்கள் அக்கா. ஆகவே உங்கள் தயாரிப்பு முழுவதும் அவரை நோக்கித் திரும்ப வேண்டும். மேசையில் வைக்கப்போகும் ஒவ்வொரு காகிதத்தையும் கையில் எடுத்து, இதைப் பார்த்தால் அக்கா இறங்கி வருவாரா, இல்லை இன்னும் இறுகிப்போவாரா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தக் குறிப்பேட்டுக்கு வருகிறேன். அதைப் படித்தபோது என் மனம் கலங்கிவிட்டது. ஆனால் ஒரு கேள்வியை நான் கேட்டே ஆக வேண்டும்: அந்தக் குறிப்பேடு உங்களுக்கு எதைப் பெற்றுத்தர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? பணத்தையா? அல்லது நீங்கள் எத்தனை இரவுகள் கண்விழித்தீர்கள் என்பதை அக்கா ஒருமுறையாவது தெரிந்துகொள்வதையா? ரசீதுக் கோப்புக்குப் பதில் பணமாக வரலாம். குறிப்பேட்டுக்குப் பதில் பணமாக வந்தால் உங்கள் மனம் ஆறாது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தால், இரண்டுக்கும் ஒரே விலை கேட்பது போல ஆகிவிடும். அக்காவுக்கும் அது பாசத்துக்கு ரசீது நீட்டியதாகவே படும். நான் பார்த்த குடும்பத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் முட்டி நின்றன. காசால் தீரக்கூடிய குறை எது, காதுகொடுத்துக் கேட்டால் மட்டுமே தீரக்கூடிய குறை எது என்று போகுமுன் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925-ல் சொன்ன ஓர் அனுபவம் எங்கள் தொழிலில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. ஹார்வர்ட் நூலகத்தின் சிறிய அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்கிறார். ஃபாலெட்டோ அது மூடியிருக்க வேண்டும் என்கிறார். கடைசியில் ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். வந்தவருக்குத் தேவைப்பட்டது காற்று. ஃபாலெட்டுக்குத் தேவைப்பட்டது வாடைக்காற்று நேராகத் தன்மேல் வீசாமல் இருப்பது. ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தால் இருவருமே குறையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். சரிபாதி வேண்டும் என்பதும் சரிபாதி கூடாது என்பதும் ஜன்னல் பேச்சு. உங்களுக்கு வேண்டியது அந்த வீட்டில் தொடர்ந்து குடியிருப்பதா, செலவழித்த பணம் திரும்பி வருவதா, விட்டுப்போன வேலையின் இடத்தில் ஒரு பிடிமானமா? அக்காவுக்கு வேண்டியது உடனடியாகக் கையில் பணமா, அம்மாவின் பிள்ளையாகத் தனக்கும் சம உரிமை உண்டு என்ற ஒப்புதலா? இதை முதலில் எழுதிப் பாருங்கள். அக்காவின் பக்கத்தை அவர் படித்தால் "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று தலையாட்டும் அளவுக்கு எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்கள் தயாரிப்பு இன்னும் முடியவில்லை.

கார்முகில்

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆறு ஆண்டுகள் உழைத்தவரைப் பார்த்து எதிர்த்தரப்பின் மனத்தைப் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வது, விட்டுக்கொடுங்கள் என்பதை வேறு வார்த்தையில் சொல்வதாகவே எனக்குப் படுகிறது. அதோடு, அங்கே மனம்திறந்து பேசியதையெல்லாம் நாளை வழக்கு என்று வரும்போது அவருக்கு எதிராகவே திருப்பினால் என்ன செய்வார்? முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நெடும்பாதை

வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும் என்பது நல்ல யோசனை. நானே சொல்லியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன். பெற்றோரைப் பராமரித்த பிள்ளைக்கு அந்தச் செலவைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டா, எந்த அளவுக்கு உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அது தெரியாமல் மேசைக்குப் போகக் கூடாது.

ஏன் என்றால், 1981-ல் ரோஜர் ஃபிஷரும் வில்லியம் யூரியும் பேச்சுவார்த்தையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இங்கே அப்படியே பொருந்தும்: பேச்சு முறிந்தால் உங்கள் கையில் மிஞ்சும் வழிகளில் எது சிறந்ததோ, அதுதான் உங்கள் அளவுகோல். எந்த ஏற்பாடும் அதைவிட மேலாக இருந்தால் ஒப்புக்கொள்ளலாம். கீழாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். வழக்கு எத்தனை ஆண்டு இழுக்கும், கட்டணமும் அலைச்சலும் எவ்வளவு, அதுவரை வீட்டை விற்கவோ பழுதுபார்க்கவோ முடியுமா, கடைசியில் கிடைக்கக்கூடிய மிகக் குறைந்த தொகை எது என்பதையெல்லாம் வழக்கறிஞரிடம் கேட்டுத் தாளில் எழுதுங்கள். பிறகு அதே கணக்கை அக்காவின் இடத்திலிருந்து போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு கணக்கும் ஒன்றுபோலக் கசப்பாகவே இருக்கும். எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்வது என்று நான் சொன்னதில் இந்தக் கணக்கும் அடங்கும். அதை விட்டுக்கொடுப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரகசியம் பற்றிய அச்சமும் நியாயமானதே. சமரசத்தில் பேசியதைப் பிறகு நீதிமன்றத்தில் சான்றாக வைக்கக் கூடாது என்பது பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ள விதி, விலக்குகளும் உண்டு. பலரும் கவனிக்காமல் விடுவது தனியறைப் பேச்சைத்தான். சமரசர் உங்களைத் தனியே அழைத்துப் பேசும்போது நீங்கள் சொல்வதை அவர் அக்காவிடம் சொல்லலாமா? சில மையங்களில், நீங்கள் அனுமதி கொடுத்தால் ஒழிய அவர் சொல்ல மாட்டார். ஆனால் வணிகத் தகராறுகளுக்காக ஐக்கிய நாடுகள் வகுத்த 2002-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டத்திலும், அதன் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் விதி நேர்மாறானது: ரகசியம் என்று நீங்கள் குறிப்பாகச் சொன்னால்தான் அது ரகசியம், இல்லாவிட்டால் அவர் சாரத்தை மறுதரப்புக்குத் தெரிவிக்கலாம். உங்கள் சமரசர் எந்த வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறார் என்பதைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தூரத்துமணி

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் உங்கள் அக்காவின் இடத்தில் இருந்தவள். என் தந்தையாரைத் தம்பிதான் கடைசிவரை பார்த்துக்கொண்டான்.

தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வேதனை உண்டு, அதை வாய்விட்டுச் சொல்லக்கூட உரிமை இல்லாதது போல இருக்கும். தொலைபேசி ஒலித்தாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். "எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால் "இருக்கிறார்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். தம்பி களைத்துப்போய் அப்படிச் சொன்னான் என்பது இப்போது புரிகிறது. அப்போது என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறான் என்று நினைத்தேன். எந்த மருத்துவர், என்ன மருந்து, அடுத்து என்ன என்று எதையும் என்னிடம் கலந்துகொள்ளாமல் முடிவெடுத்துவிட்டு, பணம் மட்டும் கேட்பதாக எனக்குப் பட்டது. பாகத்தைப் பற்றிய சண்டையாகத் தொடங்கியதன் அடியில், நானும் அவருடைய மகள்தானே என்ற கேள்விதான் இருந்தது.

உங்கள் அக்கா அப்படித்தான் நினைக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் எனக்குத் தெரியாது. ஆனால் பணம் ஏன் நின்றது என்று அவரிடம் நீங்கள் ஒருமுறையாவது கேட்டதுண்டா? குற்றம்சாட்டும் குரலில் கேட்காமல், உண்மையாகவே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதுண்டா? மூன்று வாரத்தில் தயார்செய்ய வேண்டியவற்றில் இந்த ஒரு கேள்வியையும், அதைக் கேட்கும் குரலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓலைச்சுவடி

எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எல்லைச் சுவர் தகராறு ஒன்று இருந்தது. இரண்டு முறை சமரசத்துக்குப் போனோம், முதல்முறை தோற்றோம். தோற்ற காரணம் வெகு சாதாரணமானது என்பதால் சொல்கிறேன்.

முதல் அமர்வுக்கு நான் மட்டும் போனேன். நாள் முழுவதும் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்து, கைகுலுக்கி வீட்டுக்கு வந்தால், என் மனைவி ஒரே கேள்வியில் அதைக் கலைத்துவிட்டார். அவர் கேட்டது சரிதான். வீட்டில் அவருக்கும் பங்கு உண்டு, அவரைக் கேட்காமல் நான் வாக்குக் கொடுத்திருக்கக் கூடாது. ஆகவே, உங்கள் முடிவை யாரெல்லாம் பிறகு மறுக்க முடியுமோ அவர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், முடிந்தால் அன்றைக்குத் தொலைபேசியில் கிடைக்கும்படியாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அக்காவின் பக்கத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று சமரசர் மூலம் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாம்முறை ஒப்பந்தம் எழுதினோம். அதில் "சுவரை விரைவில் சரிசெய்து தர வேண்டும்" என்று இருந்தது. அந்த "விரைவில்" என்ற ஒரு சொல்லே எங்களை மறுபடி மூன்று மாதம் மல்லுக்கட்ட வைத்தது. அவருக்கு விரைவு என்பது அடுத்த ஆண்டு, எனக்கு அடுத்த வாரம். யார், எதை, எந்தத் தேதிக்குள், யார் செலவில், தவறினால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் வீட்டின் மதிப்பை யார் கணிப்பது என்பது கட்டாயம் கிளம்பும். இருவரும் தனித்தனியே ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்து இரண்டு எண்களோடு வந்தால் அதிலேயே அரை நாள் போய்விடும். இருவருக்கும் பொதுவாக ஒருவரைப் போகுமுன்பே நியமிக்க முடியுமா என்று பாருங்கள்.

அந்த மூன்று விரற்கடைக் கோப்பை ஒரே பக்கத்துக்குச் சுருக்குங்கள். ஆண்டுவாரியாக, மருந்து, உதவியாள், வீட்டுப் பழுது என்று தலைப்புப் பிரித்து, அம்மாவின் பணத்திலிருந்து போனதையும் அக்கா அனுப்பியதிலிருந்து போனதையும் உங்கள் கையிலிருந்து போனதையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அக்கா அனுப்பிய பணத்தை நீங்களே முதலில் கணக்கில் காட்டினால் மற்ற எண்களையும் அவர் நம்புவார். மூலக் கோப்பு பையிலேயே இருக்கட்டும், கேட்டால் எடுக்கலாம். நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் இல்லாமல் போகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பிற்பகல் நான்கு மணிக்கு மேல் அசதியில் எதற்கும் தலையாட்டத் தோன்றும்.

வெண்தாழை

இழையைத் தொடங்கியவருக்கு இது பொருந்தாது என்றாலும், தேடிவந்து படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அடிதடி, மிரட்டல், பயம் இருக்கும் உறவில் சமரச மேசை ஏற்ற இடம் அல்ல. ஐரோப்பிய கவுன்சில் வகுத்து 2011-ல் கையெழுத்துக்கு வைத்த இஸ்தான்புல் உடன்படிக்கையின் 48-ஆம் பிரிவு, பெண்கள் மீதான வன்முறையில் கட்டாயச் சமரசத்தை விலக்கச் சொல்கிறது. எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசவே நடுங்குகிறவர், அதை ஏற்பாடு செய்பவரிடம் முதல் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும்.

அகல்விளக்கு

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்கள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், எழுதுவதற்கு என்னிடம் எதுவும் இல்லாமல் போனதுதான். நெடும்பாதை ஐயா கேட்ட கேள்விக்கு எனக்கே பதில் தெரியவில்லை.

வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் சட்டப்படி கேட்க முடியும் என்று தெரிந்தது. கோப்பை ஒரு பக்கமாகச் சுருக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது: மூன்றாம் ஆண்டிலும் அக்கா இருமுறை பணம் அனுப்பியிருக்கிறார். நான் அதை மறந்தே போயிருந்தேன். இத்தனை நாள் "இரண்டு ஆண்டோடு நிறுத்திவிட்டார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கும் அப்படியே எழுதியிருக்கிறேன்.

அக்காவின் பக்கத்தை எழுதும் பயிற்சியை நான்கு முறை கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாம் முறை முடித்தேன். வீட்டை உடனே விற்கக் கூடாது என்பதைவிட, புதிய வேலையில் காலூன்றும் வரை ஓர் ஆண்டாவது அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் என் தேவை என்பது அப்போது புலப்பட்டது. தொடக்கத்தில் பேச இப்படி எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அக்கா, அம்மாவை நான் ஒருவனாகவே ஆறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். நீங்கள் வரவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் வீட்டைப் பிடித்துக்கொண்டேன் என்று நீங்கள் சொன்னதை மறக்க முடியவில்லை. செலவைக் கழித்துவிட்டு மீதியைச் சமமாகப் பிரிக்கலாம். ஓர் ஆண்டு அவகாசம் வேண்டும்."

ஒரே அறையில் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியுமா என்பதுதான் இப்போது என் பயம்.

நெடும்பாதை

"குறையாகச் சொல்லவில்லை" என்று சொன்னாலே அது குறைதான்; அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். "நான் ஒருவனாகவே" என்பதையும் எடுத்துவிடுங்கள், அது அவருக்கு முதல் அடியாக விழும். கடைசி இரண்டு வாக்கியங்களையும் தொடக்கத்தில் சொல்ல வேண்டாம். எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வரும் யோசனை, அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேட்பவருக்கு மதிப்புக் குறைந்து தெரியும். அதைத் தனியறையில் சமரசரிடம் கொடுங்கள். அவர் தக்க நேரத்தில் ஒரு சாத்தியமாக எடுத்துவைப்பார்.

முகம் பார்ப்பது பற்றிக் கவலை வேண்டாம், தனித்தனி அறை கேட்கலாம். 1978-ல் அமெரிக்க அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில், எகிப்து அதிபர் சாதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் ஒரே அறையில் வைத்தபோது சமாதானப் பேச்சு வளரவில்லை. பதின்மூன்று நாட்களில் பெரும்பகுதி, அமெரிக்கத் தரப்பு ஒரே வரைவை இருவரிடமும் மாறிமாறிக் கொண்டுபோய்த் திருத்தித்தான் முடித்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு கால் மணி நேரமாவது ஒரே அறையில் இருக்க முயலுங்கள். அந்தக் குறிப்பேட்டை வேறு ஒருவர் கையால் கொடுத்தனுப்ப முடியாது.

அகல்விளக்கு

நேற்று முதல் அமர்வு நடந்தது. இன்னும் முடியவில்லை, அடுத்த அமர்வு ஐந்து வாரம் கழித்து. இருந்தாலும் உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காலை முழுவதும் தனித்தனி அறையில் இருந்தோம். ஒரு பக்கக் கணக்கை அக்கா படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் அவர் அனுப்பிய பணத்தை நானே காட்டியிருப்பதைச் சுட்டி, "இதை அவனே எழுதினானா?" என்று இருமுறை கேட்டதாகச் சமரசர் அவருடைய அனுமதியோடு என்னிடம் சொன்னார். பொது மதிப்பீட்டாளருக்கு இருவரும் ஒப்புக்கொண்டோம். மருந்துச் செலவைக் கழிப்பதற்கு அவர் இசைந்தார். நான் விட்ட சம்பளத்துக்கு இசையவில்லை. அதை வற்புறுத்துவதா என்று நான் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஓர் ஆண்டு அவகாசம் ஏழு மாதத்தில் நிற்கிறது.

பிற்பகலில் ஒரே அறையில் உட்கார்ந்தோம். எழுதி வைத்திருந்த பேச்சை நான் பேசவில்லை. பணம் ஏன் நின்றது என்று மட்டும் கேட்டேன். அந்த ஆண்டு தனக்கு வேலை போய்விட்டதாகவும், அம்மாவுக்குத் தெரிந்தால் கவலைப்படுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றும் சொன்னார். எனக்குப் பேச்சு எழவில்லை. குறிப்பேட்டை எடுத்து மேசையில் வைத்து, இது கணக்குக்காக இல்லை, அக்கா படிப்பதற்காக என்றேன்.

அவர் வெகுநேரம் புரட்டினார். ஒரு தேதியில் விரலை வைத்து, "அன்றைக்கு இரவு நான் நான்கு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவே இல்லை" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். "12 மணி, காய்ச்சல் 103. ஈரத்துணி. 2 மணி, 102. 4 மணி, 100, தூங்குகிறார்" என்று என் கையெழுத்தில் இருந்தது. அதற்கு மேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. அடுத்த அமர்வு வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கொடுத்துவிட்டு வந்தேன்.